ஓதம், விரிசல், ஒழுகல்: பூசுவதற்கு முன் எதைப் பார்ப்பது?

சொட்டு விழுந்தது ஃபேன் கொக்கியிலிருந்து. மொட்டை மாடிக்குப் போய், கொக்கிக்கு நேர் மேலே இருந்த இடத்தைக் கொத்தி, கலவை போட்டு, அதன் மேல் நீர்த்தடுப்புப் பூச்சும் இரண்டு கை அடித்தோம். அடுத்த மழையில் அதே கொக்கி, அதே சொட்டு. கடைசியில் பார்த்தால் தண்ணீர் நுழைந்தது பன்னிரண்டு அடி தள்ளி, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில். அங்கே இறங்கி, தளத்துக்குள் புதைந்திருந்த ஒயரிங் குழாய்க்குள் ஓடி, கொக்கிப் பெட்டியில் தலைகாட்டியிருக்கிறது. நல்ல தளத்தை நடுவில் கொத்தியதுதான் மிச்சம்.

வீட்டு வேலையில் பணமும் நாளும் வீணாவது பெரும்பாலும் இப்படித்தான். கண்ணில் படும் இடத்தில் பூசுகிறோம். கோளாறு வேறெங்கோ இருக்கிறது. ஒரு வீட்டைப் புதிதாகக் கட்டியபோதும், பிறகு ஒரு பழைய வீட்டைப் பிரித்துச் சீரமைத்தபோதும் அடிபட்டுக் கற்றுக்கொண்டதை இங்கே குறிவாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டில் தெரிவது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம்.

கையில் வேண்டியவை: டார்ச், பென்சில், மில்லிமீட்டர் கோடு தெளிவாகத் தெரியும் ஸ்கேல், டேப், ரசமட்டம், கெட்டியான பிளாஸ்டிக் தாள், ஒட்டும் டேப், ஒரு நாணயம், ஒரு கோலிக்குண்டு. பாதி நோயை இவற்றை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

சுவரில் விரிசல்

பார்த்ததும் எல்லோரும் கேட்பது "ஆபத்தா?" என்றுதான். விரிசல் எவ்வளவு நீளம் என்பதை வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. எந்தத் திசையில் போகிறது, எவ்வளவு அகலம், இன்னும் வளர்கிறதா என்ற மூன்றும் தெரிய வேண்டும்.

ஆகவே பட்டி டப்பாவைத் திறக்கும் முன் பென்சிலை எடுங்கள். விரிசலின் இரு முனையிலும் குறுக்கே ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் அகலத்தை அளந்து பக்கத்திலேயே குறித்து வையுங்கள். சந்தேகம் பலமாக இருந்தால், மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை விரிசலுக்குக் குறுக்கே வைத்து இரு முனையையும் எபாக்ஸியால் ஒட்டிவிடுங்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடைந்துவிடும். ஒரு மாதமாவது விட்டுப் பாருங்கள். நடுவில் ஒரு நல்ல மழையும் ஒரு நல்ல வெயிலும் கடந்தால் இன்னும் நல்லது.

சிலந்தி வலை போல எல்லாப் பக்கமும் மெல்லிய கோடுகள் ஓடினால் அது பூச்சோடு நிற்கும் சங்கதி. நாணயத்தால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் பூச்சு சுவரைப் பிடித்திருக்கிறது. பட்டி பார்த்து பெயின்ட் அடித்தால் போதும். பொத்தென்று கேட்டால் அந்தப் பகுதியைக் கொத்தி எடுத்துவிட்டுத்தான் மறுபடி பூச வேண்டும். இதற்குக் காரணம் பெரும்பாலும் சிமென்ட் கூடியது, அல்லது பூச்சு அவசரமாகக் காய்ந்தது. "சிமென்ட் கொஞ்சம் தூக்கலாப் போட்டிருக்கேன் சார், கல்லு மாதிரி நிக்கும்" என்று மேஸ்திரி சொன்னபோது நானும் சந்தோஷப்பட்டேன். கலவையில் சிமென்ட் கூடக் கூட, காயும்போது சுருங்குவதும் கூடும் என்பது பிறகுதான் தெரிந்தது. சிமென்டும் மணலும் உட்சுவருக்கு 1:6, கூரையின் அடிப்பக்கத்துக்கு 1:4 என்பது பழகிய கணக்கு. கனம் 12 மி.மீ. வந்தால் போதும். சுவர் கோணலாக இருந்து 20 மி.மீ.க்கு மேல் ஏற்ற வேண்டியிருந்தால் இரண்டு கையாகப் போட வேண்டும். பூச்சுக்கும் குறைந்தது ஏழு நாள் தண்ணீர் காட்ட வேண்டும். பூசியவர் கிளம்பிப் போன பிறகு இதைச் செய்ய வேண்டியவர் பெரும்பாலும் நீங்கள்தான்.

கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நூல் பிடித்தது போல நேராக மேலிருந்து கீழ் வரும் விரிசல்: இரண்டும் வேறு வேறு பொருள், வேறு வேறு அளவில் விரிந்து சுருங்கும். பூசும் முன் அந்த இணைப்பின் மேல் கம்பி வலை அடித்திருந்தால் வந்திருக்காது. இப்போது வந்துவிட்டதென்றால் இணைப்பின் இரு பக்கமும் 10 முதல் 15 செ.மீ. வரை பூச்சை வெட்டி எடுத்து, வலையை இறுக்கமாக அடித்து, மறுபடி பூசுங்கள். வெறும் பட்டி அடுத்த கோடை வரைக்கும்கூடத் தாங்காது.

மேல்மாடியில், கூரைத் தளத்துக்குச் சற்றே கீழே, சுவரைச் சுற்றிப் படுக்கை வாட்டில் ஓடும் விரிசல் வெயிலின் வேலை. கான்கிரீட் ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு நீளும். கேட்க அற்பமாக இருக்கிறது. ஆனால் 10 மீட்டர் தளம் 30 டிகிரி சூடேறினால் 3 மி.மீ. ஆகிவிடுகிறது. பகலில் தள்ளி, இரவில் இழுத்து, தினமும் சுவரின் தலையை உரசிக்கொண்டிருக்கும் தளத்தைச் சிமென்ட் வைத்து அடைத்து நிறுத்த முடியாது. விரிசலை ஆங்கில எழுத்து 'வி' வடிவில் அகலப்படுத்தி, இழுபடக்கூடிய சீலன்ட் வைத்து அடையுங்கள். மாடிக்கு வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சு கொடுங்கள். இரண்டாவதைச் செய்யாமல் முதலாவதை மட்டும் செய்தால் பாதி வேலைதான்.

சுவிட்ச் போர்டுகளை இணைத்துப் படுக்கை வாட்டில் விரிசல் போனால், ஒயரிங்குக்குச் சுவரில் காடி வெட்டியவரை நினைத்துக்கொள்ளுங்கள். நிமிர்ந்த காடி சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆழம் போகக் கூடாது. படுக்கைக் காடி ஆறில் ஒரு பங்குக்கு மேல் கூடவே கூடாது. நாலரை அங்குலச் சுவரில் அது இரண்டு சென்டிமீட்டர்கூட வராது. படுக்கைக் காடியே வேண்டாம் என்பது என் கட்சி. குழாய் சற்றுச் சுற்றிப் போனால் போகட்டும்.

கவலைப்பட வேண்டியவை இனிமேல் வருபவை. செங்கல் இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டு போலச் சாய்வாக இறங்கும் விரிசல், மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் இருந்தால், வீட்டின் ஒரு மூலை கீழே இறங்குகிறது என்று கொள்ளலாம். அந்த மூலையில் வெளியே போய்ப் பாருங்கள். மழைக்குழாய் அடிவாரத்திலேயே தண்ணீரைக் கொட்டுகிறதா? கழிவுக் குழாய் உடைந்திருக்கிறதா? சுவரை ஒட்டிப் பெரிய மரம் நிற்கிறதா? பக்கத்து மனையில் பள்ளம் தோண்டியிருக்கிறார்களா? களிமண் தரையாக இருந்தால் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும். விரிசலும் அதோடு திறந்து மூடும். அகலம் 5 மி.மீ.யைத் தாண்டினாலோ, உள்ளும் புறமும் ஒரே இடத்தில் தெரிந்தாலோ, அந்தப் பக்கத்துக் கதவு ஜன்னல்கள் எல்லாம் சேர்ந்து இறுகத் தொடங்கினாலோ, பூச்சு வேலைக்காரரைக் கூப்பிடாமல் கட்டட அமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். இடைச்சுவர் ஒன்றை எடுத்த பிறகு மேலே விரிசல் கண்டால் நாளைக்கு என்று தள்ளிப்போடாமல் அன்றே முட்டு கொடுக்க வேண்டும்.

கூரையிலிருந்து கான்கிரீட் பெயர்ந்து விழுகிறது, உள்ளே துருப்பிடித்த கம்பி தெரிகிறது

இரும்பு துருவானால் பழைய அளவைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கலில்தான் கான்கிரீட் பிளந்து விழுகிறது. எனவே கம்பி ஓடும் வழியிலேயே நீளமாக விரிசலும் பழுப்புக் கறையும் தெரிந்தால், இன்னும் பெயராவிட்டாலும் உள்ளே வேலை தொடங்கிவிட்டது என்று பொருள்.

விழுந்த இடத்தில் சிமென்ட் கலவையை அப்பினால் சில மாதங்களில் அதுவும் விழும். தளர்ந்ததை எல்லாம் கொத்தி, கம்பிக்குப் பின்னாலும் விரல் நுழையும் வரை திறந்து, கம்பித் தூரிகையால் பளபளப்புத் தெரியும்வரை துரு நீக்கி, துருத்தடுப்பு பிரைமர் அடித்து, ஒட்டுப்பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் மூட வேண்டும். கம்பி கண்ணுக்குத் தெரியும்படி மெலிந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டியிருக்கும். அதைப் பொறியாளர் சொல்லட்டும். இவ்வளவும் செய்துவிட்டு மேலே ஒழுகும் மாடியை அப்படியே விட்டால் செய்ததற்கு அர்த்தமில்லை. துருவுக்குத் தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது.

புதிதாகக் கட்டுபவர்களுக்கு இதைத் தவிர்க்கும் வழி, கம்பிக்கு அடியில் வைக்கும் சின்னக் கவர் பிளாக். கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனத்தைக் காப்பது இந்தக் கட்டிதான். அந்தக் கனத்துக்குத் தளத்தில் 20, பீமில் 25, தூணில் 40, அஸ்திவாரத்தில் 50 மி.மீ. என்று குறைந்தபட்சக் கணக்கு உண்டு. கான்கிரீட் போடும் நாள் காலையில் கம்பிக்கு அடியில் குனிந்து பாருங்கள். உடைந்த ஜல்லியை முட்டுக் கொடுத்திருந்தால், வண்டி வந்து நின்றாலும் சரி, மாற்றச் சொல்லுங்கள்.

சுவர் ஊறுகிறது, பெயின்ட் உப்புகிறது, வெள்ளைப் பொடி உதிர்கிறது

வீட்டு வேலையில் அதிகம் ஏமாறுவது இங்கேதான். 'டேம்ப் ப்ரூஃப்' என்று எழுதிய டப்பா எல்லா ஓதத்துக்கும் மருந்து என்று நினைத்துவிடுகிறோம். ஈரம் நான்கு வழியாக வரும். நான்குக்கும் வைத்தியம் வேறு.

ஈரத்தின் உருவத்தை முதலில் பாருங்கள். தரையிலிருந்து சுவர் நெடுக ஏறி, இடுப்பளவு உயரத்தில், ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள், அலை விளிம்பு போன்ற கறையோடு நின்றால் அது மண்ணிலிருந்து ஏறும் ஓதம். மழைக்குப் பிறகு மட்டும் திட்டாக ஊறிப் பிறகு காய்ந்தால் வெளிச்சுவர் வழியாக நுழைகிறது. மழையோ வெயிலோ எதையும் கேட்காமல் எப்போதும் ஒரே மாதிரி ஈரமாக இருந்தால் சுவருக்குள் குழாய் கசிகிறது. பீரோவுக்குப் பின்னால், காற்றோட்டமில்லாத மூலையில், கரும்புள்ளிப் பூஞ்சையோடு வந்தால் வீட்டுக் காற்றிலுள்ள ஈரமே குளிர்ந்த சுவரில் படிகிறது.

கடைசியாகச் சொன்னதையும் மற்றவற்றையும் பிரிக்க ஒரு சோதனை. ஒரு அடிச் சதுரத்துக்குப் பிளாஸ்டிக் தாளை வெட்டி, சுவரில் வைத்து நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் வியர்த்தால் காற்று ஈரம். சுவரைப் பார்த்த உட்பக்கம் வியர்த்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. குழாய்க் கசிவுக்கு இன்னொரு சோதனை: எல்லாக் குழாய்களையும் மூடி, மேல்தொட்டிக்கு நீர் ஏறுவதையும் நிறுத்தி, படுக்கப் போகும்போது தொட்டியின் உட்சுவரில் நீர்மட்டத்தைக் குறியுங்கள். காலையில் இறங்கியிருந்தால் எங்கோ போகிறது. கக்கூஸ் ஃபிளஷ் தொட்டி ஓசையில்லாமல் கசிவதும் இதே கணக்கைக் காட்டும். அதற்குள் கொஞ்சம் நிறம் கலந்துவிட்டு, தண்ணீர் விடாமலே பேசின் நிறம் மாறுகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு சுவரைச் சந்தேகப்படுங்கள்.

மண்ணிலிருந்து ஏறும் ஓதம் என்று தெரிந்தால், ரசாயனத்துக்கு முன் மண்வெட்டியை எடுங்கள். பேஸ்மட்டத்துக்கு மேல் ஈரத்தடுப்புப் பட்டை போட்டிருந்தாலும், வெளியே மண்ணோ சிமென்ட் தரையோ அதைத் தாண்டி ஏறியிருந்தால் தண்ணீர் பட்டையைச் சுற்றிப் போய்விடும். வெளித் தரை, பட்டைக்கு 15 செ.மீ. கீழே இருக்க வேண்டும். நாங்கள் சீரமைத்த வீட்டில் சுவரை ஒட்டி ஒரு பூச்செடிப் பாத்தி இருந்தது. பாத்தியை இரண்டடி தள்ளி வைத்ததிலேயே முக்கால்வாசி ஓதம் நின்றுபோனது. அது போதாதபோதுதான் அடிவரியில் வரிசையாகத் துளை போட்டு நீர்விலக்கிக் களிம்பு செலுத்தும் வேலை. உப்பேறிய பூச்சைக் கறைக்கு மேல் ஒரு அடி சேர்த்து எடுத்துவிட்டுத்தான் புதுப்பூச்சு போட வேண்டும். உப்பு தங்கிய பூச்சு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும்.

வெள்ளைப் பொடியைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய், அடுத்த முறை காயும்போது வெளியே வரும். காய்ந்த தூரிகையால் தட்டி, அள்ளி எறிந்துவிடுங்கள்.

ஊறிய சுவருக்கு உள்பக்கம் ரப்பர் போன்ற நீர்த்தடுப்புப் பெயின்ட் அடிப்பதுதான் ஆகக் கெட்ட வைத்தியம். வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறும், அல்லது அந்தப் படலத்தையே கொப்புளமாகத் தள்ளும். காரணத்தை நிறுத்திய பிறகும் சுவர் உடனே காய்ந்துவிடாது. கனத்தில் ஒரு அங்குலத்துக்கு ஒரு மாதம் என்று கட்டடக்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒன்பது அங்குலச் சுவருக்கு எத்தனை மாதம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். புதுப்பூச்சுக்குக்கூட 28 நாள் போகட்டும், பிறகு பெயின்ட். குடிபுகும் தேதியைக் குறித்துவிட்டு பெயின்டரை விரட்டுபவர்கள் வீட்டில்தான் முதல் வருடமே சுவர் உரிகிறது.

மொட்டை மாடி ஒழுகுகிறது

முதலில் மேலே போய், மழை விட்ட ஒரு மணி நேரத்தில், தண்ணீர் எங்கே தேங்கி நிற்கிறது என்று பாருங்கள். 100 செ.மீ. போனால் 1 செ.மீ. இறங்கும் அளவுக்காவது வாட்டம் வேண்டும். தண்ணீர் வெளியேறும் வாய் தளத்தைவிடக் கொஞ்சம் பள்ளத்தில் இருக்க வேண்டும். இலையும் மண்ணும் அடைத்த வாய்தான் பாதி ஒழுகலுக்குக் காரணம். சொன்னால் யாரும் நம்புவதில்லை.

அடுத்து நுழைவழி. தளத்தின் நடுவைவிட ஓரங்கள்தான் குற்றவாளிகள்: கைப்பிடிச் சுவர் தளத்தைத் தொடும் மூலை, குழாய் துளைத்துப் போகும் இடம், தொட்டியின் கால்கள். மூலை சதுரமாக இல்லாமல் கலவையால் வளைத்துவிடப்பட்டிருக்க வேண்டும். நீர்த்தடுப்புப் பூச்சு சுவரில் ஒரு அடியாவது ஏறியிருக்க வேண்டும்.

கண்டுபிடிக்க ஒரே வழி பகுதி பகுதியாக நனைப்பது. மாடியை மூன்று நான்கு பாகமாகப் பிரித்து, பள்ளமான பாகத்திலிருந்து தொடங்கி, ஈரச் சாக்கு விரித்து ஒரு பாகத்தை மட்டும் அரை நாள் நனைத்து வையுங்கள். கீழே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கட்டும். ஒழுகினால் அந்தப் பாகம். ஒழுகாவிட்டால் காயவிட்டு அடுத்தது. மொத்தமாக எல்லா இடத்திலும் தண்ணீர் கட்டினால் ஒழுகுகிறது என்று மட்டும் தெரியும், எங்கே என்று தெரியாது.

வேலை முடிந்த பிறகு ஒப்புக்கொள்ளும் முன் தண்ணீர் கட்டிச் சோதியுங்கள். வாயை அடைத்து, இரண்டரை முதல் 5 செ.மீ. ஆழம், 24 மணி நேரம். மட்டத்தைப் பென்சிலால் குறித்து, பக்கத்திலேயே ஒரு வாளியில் தண்ணீர் வைத்து அதிலும் குறியுங்கள். வாளியில் குறைந்தது வெயில் குடித்தது. மாடியில் அதைவிட அதிகம் குறைந்திருந்தால் தளம் குடித்திருக்கிறது. 5 செ.மீ. தண்ணீர் என்றால் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 50 கிலோ எடை. கம்பி தெரியும் பழைய தளத்தில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

பாத்ரூமுக்குக் கீழேயுள்ள கூரையில் ஈரம்

எடுத்த எடுப்பில் டைல்ஸை உடைக்காதீர்கள். கசிவது நல்ல தண்ணீர்க் குழாயா, கழிவுக் குழாயா, தரையா என்று மூன்றில் ஒன்றாகச் சுருக்குங்கள். பாத்ரூமை இரண்டு நாள் பூட்டி வைத்தும் ஈரம் அப்படியே இருந்தால் நல்ல தண்ணீர்க் குழாய். இல்லையென்றால் ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் படாமல் வடிகால் வாய்க்குள் நேராக ஊற்றுங்கள். கீழே ஊறினால் கழிவுக் குழாய் இணைப்பு. அதிலும் ஒன்றுமில்லை என்றால் வடிகால் வாயைப் பிளாஸ்டிக்கில் சுற்றிய துணியால் அடைத்து, தரையில் 2 செ.மீ. தண்ணீரை ஒரு நாள் நிறுத்துங்கள். இப்போது ஊறினால் தரை.

டைல்ஸ் இடுக்கில் அடைக்கும் கிரவுட் தண்ணீரை நிறுத்தாது, மெதுவாக்கும், அவ்வளவுதான். தண்ணீரை நிறுத்துவது டைல்ஸுக்கு அடியில் இருக்கும் நீர்த்தடுப்புப் படலம். அது போடவே இல்லையென்றால் கிரவுட் புதுப்பிப்பது கொஞ்ச நாள் வாய்தா வாங்குவது போலத்தான். எபாக்ஸி கிரவுட் அந்த வாய்தாவை நீட்டிக்கும்.

நாற்றம் மட்டும் என்றால் பெரும்பாலும் அதிகம் புழங்காத வடிகாலின் மடக்கில் தண்ணீர் வற்றியிருக்கும். அங்கே நிற்கும் 5 செ.மீ. தண்ணீர்தான் சாக்கடைக் காற்றுக்குக் கதவு. ஒரு குவளை ஊற்றிப் பாருங்கள். ஊற்றியும் சில நாளில் வற்றி, மற்றக் குழாயில் தண்ணீர் விடும்போது குடுகுடுவென்று சத்தம் வந்தால், காற்றுக்குழாய் அடைத்திருக்கிறது அல்லது வைக்கவே இல்லை.

கோலிக்குண்டு இதற்குத்தான்: டைல்ஸ் ஒட்டிய அன்றே தரையின் நான்கு மூலையிலிருந்தும் உருட்டிவிடுங்கள். வடிகாலுக்கு வராமல் கதவுப் பக்கம் போனால் ஈரம் காயும் முன் அதே ஆளைக் கூப்பிடுங்கள்.

டைல்ஸ் கூடாரம் போலத் தூக்கிக்கொண்டது

ஒரு மத்தியானம் துப்பாக்கி வெடித்தது போலச் சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தால், நடுக்கூடத்தில் இரண்டு டைல்ஸ் நெற்றியை முட்டிக்கொண்டு நிற்கும். பூமி ஒன்றும் அசையவில்லை. டைல்ஸ் விரிய இடமில்லை. இடுக்கே தெரியாமல் ஒட்டச் சொன்னது நாமாகவும் இருக்கலாம். சுவரோரம் 5 மி.மீ.யாவது காலி விட்டு, ஸ்கர்ட்டிங்கால் மறைக்க வேண்டும். டைல்ஸுக்கு டைல்ஸ் 2 அல்லது 3 மி.மீ. ஸ்பேசர் வேண்டும்.

இன்னொரு காரணம் ஒட்டும் பொருள். விட்ரிஃபைட் டைல்ஸ் தன் எடையில் அரை சதவீதத் தண்ணீரைக்கூடக் குடிக்காது. சிமென்ட் பால் பிடிப்பதற்கு அதில் துவாரமே இல்லை. பாலிமர் கலந்த ஒட்டுப்பொருள்தான் பிடிக்கும், அதுவும் பல்கரண்டியால் முழுப்பரப்புக்கும் இழுத்திருந்தால். நடுவில் ஐந்து உருண்டை வைத்து அமுக்கிய டைல்ஸை நாணயத்தால் தட்டினால் மூலைகள் பொத்தென்று பேசும். ஒன்றிரண்டு அப்படி இருந்தால் இடுக்கில் சிறு துளை போட்டு எபாக்ஸி செலுத்தலாம். பாதித் தரை அப்படி என்றால் பெயர்ப்பதுதான்.

மின்சாரம் அடிக்கடி டிரிப் ஆகிறது

எது விழுகிறது, எப்போது விழுகிறது என்று கவனியுங்கள். எம்சிபி (மெயின் பெட்டியில் ஒவ்வொரு வழிக்கும் இருக்கும், தானே துண்டிக்கும் சுவிட்ச்) போட்ட நொடியே விழுந்தால் ஷார்ட். பத்து இருபது நிமிடம் ஓடி விழுந்தால் சுமை அதிகம். ஆர்சிசிபி விழுந்தால் எங்கோ மின்கசிவு. வீட்டில் வழக்கமாக வைப்பது 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும். எல்லா எம்சிபிகளையும் இறக்கி, ஆர்சிசிபியைத் தூக்கி, ஒவ்வொன்றாக மேலேற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த வழியிலுள்ள கருவிகளைக் கழற்றிவிட்டு மறுபடி. மழை நாளில் மட்டும் விழுந்தால் வெளிச்சுவர் விளக்கையும் மோட்டார்ப் பெட்டியையும் பாருங்கள். சீரமைப்பு முடிந்த வீட்டில் எதுவும் போடாமலே விழுந்தால் புது இணைப்பில் நியூட்ரலும் எர்த்தும் எங்கோ தொட்டுக்கொண்டிருக்கலாம்.

விழுகிறதே என்று பெரிய எம்சிபி மாற்றுவது, காய்ச்சல் காட்டுகிறதென்று தெர்மாமீட்டரை உடைப்பது போல. எம்சிபி காப்பது ஒயரை. 2.5 சதுர மி.மீ. ஒயருக்கு 16 ஆம்பியர் என்று இருந்த இடத்தில் 32 வைத்தால், ஒயர் சுவருக்குள் வெந்துகொண்டிருக்கும், எம்சிபி வேடிக்கை பார்க்கும்.

ஓர் அறையில் விளக்கு மங்கி, இன்னோர் அறையில் திடீரெனப் பிரகாசமானால் எதையும் சோதிக்க வேண்டாம். மெயினை இறக்குங்கள். நியூட்ரல் கழன்றிருக்கும். குழாயைத் தொட்டால் சுரீரென்றாலும் அப்படியே. இரண்டும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் வேலை.

குழாயில் தண்ணீர் நூலாக வருகிறது

ஒரே குழாயில் என்றால் அதன் முனையிலுள்ள சல்லடையைக் கழற்றிப் பாருங்கள். புது வேலை நடந்த வீட்டில் டெஃப்ளான் டேப் துணுக்கும் குழாய் அறுத்த துகளும் நிரம்பியிருக்கும். வெந்நீர் மட்டும் என்றால் ஹீட்டருக்குப் போகும் வால்வு. எல்லாவற்றிலும் என்றால் தொட்டி வால்வு, அல்லது குழாய் எங்காவது மேலேறி இறங்கும் இடத்தில் காற்று அடைத்திருக்கிறது. தொட்டியிலிருந்து வெளிவரும் குழாயில் மேல்நோக்கி ஒரு காற்றுக்குழாய் விட்டால் தீரும். எதுவுமே இல்லையென்றால் உயரம் போதவில்லை. 10 மீட்டர் உயரத்துக்குத்தான் ஒரு பார் அழுத்தம். தொட்டி ஷவருக்கு 2 மீட்டர் மேலே இருந்தால் எந்த விலையுயர்ந்த ஷவரும் அழத்தான் செய்யும்.

கதவு சிக்குகிறது

மழைக்காலத்தில் மட்டும் என்றால் மரம் ஈரம் குடித்து உப்பியிருக்கிறது. அப்போதே இழைத்துவிட்டால் வெயிலில் இடைவெளி விட்டு இளிக்கும். காயும் வரை பொறுத்து, பெயின்ட் படாத மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் அடைத்துவிடுங்கள். வருடம் முழுவதும் சிக்கினால் முதலில் கீல் ஆணிகளை முறுக்குங்கள். துளை தளர்ந்திருந்தால் பசை தடவிய மரச்சீவலைச் செருகி மறுபடி முறுக்கினால் பிடிக்கும். எங்கே உரசுகிறது என்று தெரியாவிட்டால் விளிம்பில் சாக்பீஸ் தடவி ஒரு முறை சாத்தித் திறந்தால் நிலையில் வெள்ளை ஒட்டியிருக்கும்.

புதுத் தளத்தில் மறுநாளே மயிர்க்கோடுகள்

போட்ட சில மணி நேரத்தில் காற்றும் வெயிலும் மேற்பரப்பை உறிஞ்சினால் இப்படி வரும். மேலோட்டமாக இருந்தால் பயமில்லை, சிமென்ட் பால் தேய்த்துவிடலாம். அடுத்த முறை மேற்பரப்பின் பளபளப்பு மறைந்ததும் பிளாஸ்டிக் விரித்து மூடுங்கள். இறுகியதும் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். சாதாரண சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள், நிலக்கரிச் சாம்பல் கலந்த சிமென்டுக்கு 10 நாள்.

ஆனால் கான்கிரீட்டில் பெரிய துரோகம் நடப்பது கலக்கும்போது. "சார், கலவை இழுக்கமாட்டேங்குது, அரை வாளி ஊத்திக்கட்டா?" என்று கேட்பார்கள். கேட்காமலும் ஊற்றுவார்கள். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் என்றால் நீருக்கும் சிமென்டுக்கும் விகிதம் 0.5. அதற்கு மேல் ஊற்றும் ஒவ்வொரு லிட்டரும் சிமென்டோடு சேராமல் ஆவியாகி, போன இடத்தில் துவாரத்தை விட்டுவிட்டுப் போகும். மழையில் நனைந்த மணல் தானே கொஞ்சம் தண்ணீர் வைத்திருக்கும், அதையும் கழிக்க வேண்டும். இழுக்கவில்லையென்றால், தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் கலக்கலாம். நான் அன்று வாளியைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டேன். மேஸ்திரிக்கு முகம் சுண்டிவிட்டது, ஆனால் தளம் இன்றுவரை ஒழுகவில்லை.

முட்டு பிரிக்கவும் அவசரம் வேண்டாம். சாதாரண சிமென்டில், முட்டு இல்லாமல் நிற்கும் தூரம் 4.5 மீட்டர் வரையுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14. பீமுக்கு 6 மீட்டர் வரை 14, அதற்கு மேல் 21. வேறு சிமென்ட் என்றாலோ குளிர் காலம் என்றாலோ இன்னும் கூடும்.

ஆட்கள் வருவதில்லை, வேலை நின்றுவிட்டது

இதுவும் ஒரு குறிதான், இதற்கும் காரணம் வேறிடத்தில் இருக்கும். முடித்த வேலையைவிடக் கொடுத்த முன்பணம் கூடியிருக்கிறதா என்று முதலில் கணக்குப் பாருங்கள். கூடியிருந்தால் அவர்களுக்கு அவசரம் இல்லை. சரியாக இருந்தால், அவர்கள் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் நாம் இன்னும் தேர்ந்தெடுக்காத டைல்ஸாகவோ, வராத ஜன்னல் சட்டமாகவோ, எலக்ட்ரீஷியன் காடி எடுக்காததால் பூச முடியாத சுவராகவோ இருக்கும். நடுவில் சொன்ன மாற்றங்களை, "அந்த அலமாரியை இந்தப் பக்கம் வெச்சுடுங்க" என்பது உட்பட, அன்றே அளவோடும் தொகையோடும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பழைய வீட்டுச் சீரமைப்பில் மதிப்பீட்டுக்கு மேல் 10 முதல் 15 சதவீதமாவது ஒதுக்கி வைக்காமல் முதல் கல்லைப் பெயர்க்காதீர்கள். சுவரைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

ஆணி அடித்ததும் சுவரிலிருந்து தண்ணீர் பீச்சுகிறது

ஆணியைப் பிடுங்காதீர்கள். துளைக்கு இப்போதைக்கு அதுதான் மூடி. தொட்டி வால்வை மூடி, கீழே உள்ள குழாய்களைத் திறந்து மிச்சத்தை வடித்துவிட்டு, பக்கத்தில் சுவிட்ச் போர்டு இருந்தால் அந்த வழியின் எம்சிபியையும் இறக்குங்கள். பிறகு உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சை வெட்டி, துளைபட்ட துண்டை அறுத்து, இணைப்பு போட்டு, மூடும் முன் ஒரு நாள் அழுத்தத்தில் விட்டுப் பாருங்கள்.

கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு இந்தக் கூத்தே வராது, பூசுவதற்கு முந்தின நாள் ஒரு மணி நேரம் ஒதுக்கினால். குழாயும் ஒயரிங்கும் வெளியே தெரியும் ஒவ்வொரு சுவரையும், தரையிலிருந்து டேப்பை நிமிர்த்திப் பிடித்து, மூலையிலிருந்து இன்னொரு டேப்பைப் படுக்க வைத்து, எண்கள் தெரியும்படி படமெடுங்கள். போனில் மட்டும் வைத்தால் போன் மாறும்போது போய்விடும். அச்செடுத்து, மெயின் பெட்டிக் கதவின் உட்பக்கம் ஓர் உறையில் ஒட்டிவிடுங்கள்.